ஒரு நாற்காலி போடுங்கள்

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. சிம்பாங் அம்பாட் கடை வரிசையில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு கண்ணாடிக் கதவில் ‘ஆள் தேவை’ என்ற அட்டை தொங்கும். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று, சீனத்தில் ஒன்று. என் ஜவுளிக் கடைக் கதவிலும் ஒன்று தொங்குகிறது.

ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் எங்கள் கடைக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் பேசும் முதல் பேச்சு. அதில் பொய் இல்லை. பக்கத்திலேயே பத்து காவான் இருக்கிறது. 2014 மார்ச் மாதம் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அந்தப் பகுதியின் முகமே மாறிவிட்டது. மைக்ரோன், லாம் ரிசர்ச், போஸ்டன் சயன்டிஃபிக் என்று பெரிய தொழிற்சாலைகள் வந்தன. 2019 இல் ஐக்கியாவும் வந்தது. குளிர்சாதன வசதி, மிகைநேரப் படி, மருத்துவச் சலுகை என்று அங்கே கிடைப்பதையெல்லாம் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு துணிக்கடை எப்படித் தர முடியும்?

வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்றால் அதற்கும் பல ஆண்டுகள் கதவு மூடியே கிடந்தது. ஜவுளி, பொற்கொல்லர், முடிதிருத்தும் தொழில் ஆகிய மூன்றுக்கும் 2009 இல் முடக்கப்பட்ட அனுமதியை அரசாங்கம் 2023 இல்தான் தளர்த்தியது. நாடு முழுவதற்கும் 7,500 பேர் என்று சொன்னார்கள். அதில் நம் கடைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

ஆகவே கிடைக்கிற ஆளை எடுத்துக்கொள்வோம் என்பதே எங்களில் பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் என்ன இழந்தேன் என்பதை இந்த வாரம் சொல்கிறேன். கடை வைத்திருப்பவர்களுக்கும், கடையில் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

எண்பத்தைந்து வெள்ளி வேட்டி

2023 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை மாலை. கடை நிறையக் கூட்டம். ஒரு பாட்டி கையில் காகிதப் பையோடு வந்தார். பையில் ஒரு வேட்டி சட்டை செட். மடிப்புக்கூடக் கலையவில்லை. விலை எண்பத்தைந்து வெள்ளி. மூன்று வாரத்துக்கு முன்பு எங்களிடம் வாங்கியது.

“இதத் திருப்பி எடுத்துக்குவீங்களாம்மா?”

“ரசீது இருக்கா பாட்டி?”

“எங்க வச்சேன்னு தெரியலம்மா.”

“ரசீது இல்லன்னா முடியாது. அங்க எழுதி ஒட்டியிருக்குல்ல, பாக்கலையா?”

எழுதி ஒட்டியிருந்தது உண்மை. ஆனால் மலாயில், அதுவும் சின்ன எழுத்தில். பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு வகுப்பு படித்தவர். அவர் அந்தத் தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். பத்தடி தள்ளிக் கைப்பேசியில் சரக்கு அனுப்புகிறவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது. ‘சரியாகத்தானே சொல்கிறாள்’ என்று நினைத்தேன். அத்தோடு மறந்தும் போனேன்.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்துப் பூக்கடை அக்கா சொன்னார். அந்தப் பாட்டியின் வீட்டுக்காரர் தவறிவிட்டாராம். அந்த வேட்டி அவருக்குத் தீபாவளிக்காக எடுத்தது. இறுதிச் சடங்குக்கு மாலை கட்டிக் கொடுத்தது இந்த அக்காதான். “உங்க கடைக்கு வந்துட்டுப் போனப்ப இங்கதான் வந்து நின்னாங்க. ஒண்ணும் சொல்லல. கண்ணு மட்டும் கலங்கியிருந்துச்சு” என்றார்.

மறுநாள் எண்பத்தைந்து வெள்ளியை ஓர் உறையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். காப்பி கலந்து கொடுத்தார். உறையை நீட்டியதும் தலையை ஆட்டினார்.

“காசுக்காக வரலப்பா. அத அலமாரியில வச்சுப் பாத்துக்கிட்டே இருக்க முடியல. அதான்.”

சற்று நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். “உங்கப்பா இருந்திருந்தா முதல்ல உக்காரச் சொல்லியிருப்பாரு.”

வேட்டியை நான் எடுத்துக்கொண்டேன். பணத்தைக் கோயில் உண்டியலில் போடச் சொன்னார். போட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம்தான் காதில் இருந்தது. அப்பா காலத்தில் கடை வாசலுக்கு உள்பக்கம் ஒரு மர நாற்காலி இருக்கும். தோட்டத்திலிருந்து பேருந்து பிடித்து வருகிறவர்கள் முதலில் அதில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். பிறகுதான் துணி பார்ப்பார்கள். கடையைப் புதுப்பித்தபோது அந்த இடத்தில் துணி மாட்டும் ஸ்டாண்டு ஒன்று வைத்தேன். நாற்காலி பின்கட்டுக்குப் போய்விட்டது.

தவறு யாருடையது?

திரும்பி வந்ததும் அந்தப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். “நீங்கதானே அண்ணே சொன்னீங்க, ரசீது இல்லாம எதையும் வாங்காதேன்னு. போன மாசம் ஒண்ணு வாங்குனதுக்கு என்னைத் திட்டுனீங்களே.”

திட்டியது உண்மை. யோசித்துப் பார்த்தேன். அவளை நான் எப்படி வேலைக்கு எடுத்தேன்? நான்கே கேள்விகள். வீடு எங்கே, மோட்டார் லைசென்ஸ் இருக்கிறதா, கணக்கு வருமா, எப்போது சேரலாம்? ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கணக்கில் கெட்டிக்காரி. சரக்கு எண்ணினால் ஒரு கைக்குட்டைகூடத் தவறாது. ஆனால் அறிமுகமில்லாத மனிதர்களோடு நாள் முழுக்கப் பேசுவது அவளுக்குப் பிடிக்குமா என்று நான் கேட்கவே இல்லை. சொல்லியும் கொடுக்கவில்லை. முடிவெடுக்கும் உரிமையும் தரவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அன்று காலை பத்து மணி முதல் அவள் நின்றுகொண்டே இருந்தாள். சாப்பிட்ட இருபது நிமிடம் தவிர உட்காரவில்லை. உட்கார நான் நாற்காலி போட்டதில்லை. வாடிக்கையாளருக்கும் நாற்காலி இல்லை, வேலை செய்கிறவருக்கும் நாற்காலி இல்லை. கால் வீங்கி நிற்கிறவரின் வாயிலிருந்து கனிவான சொல் எப்படி வரும்?

இது என் கடையில் மட்டும் நடப்பதில்லை. சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் துணிக்கடைப் பிள்ளைகளை வைத்து வசந்தபாலன் 2010 இல் ‘அங்காடித் தெரு’ எடுத்தபோது பலரும் கலங்கிப் போனோம். கேரளாவில் துணிக்கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 2018 இல் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் சேர்க்க வைத்தார்கள். 2021 இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. உட்காருவதற்குக்கூடச் சட்டம் வேண்டியிருந்தது என்றால், முதலாளிகளான நாங்கள் எவ்வளவு நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்று பாருங்கள்.

அந்தப் பெண் சில மாதங்களில் பத்து காவான் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்கு நல்ல பெயர் என்று கேள்விப்பட்டேன். அவள் கெட்ட பணியாளர் அல்ல. நான்தான் அவளைத் தவறான இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

சிரித்த முகம் போதுமா?

பாடம் கற்றுக்கொண்டேன் என்று நினைத்து அடுத்த தவறையும் செய்தேன். ‘இனிமேல் நன்றாகப் பேசுகிற ஆளாகப் பார்த்து எடுப்போம்’ என்று முடிவு செய்து, வாய் நிறையச் சிரிக்கும் ஒரு தம்பியை எடுத்தேன். வந்த முதல் மாதமே விற்பனை ஏறியது. அக்கா என்பார், ஆன்ட்டி என்பார், “இது உங்களுக்குன்னே நெஞ்ச மாதிரி இருக்கு” என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு கணவரும் மனைவியும் வந்தார்கள். மகள் சடங்குக்கு இருநூறு வெள்ளிக்குள் சேலை வேண்டும் என்று வந்த அம்மாவிடம், இவர் அறுநூறு வெள்ளிப் பட்டை விற்றிருக்கிறார். பாதிப் பணத்தை அந்த அம்மா கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். அவர் கணவர் சத்தம்கூடப் போடவில்லை. “உங்க அப்பா காலத்துல, எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு கேட்டுட்டுத்தான் துணிய எடுத்துப் போடுவாங்க” என்று மட்டும் சொன்னார்.

பேச்சுத் திறமை வேறு, சேவை மனம் வேறு என்று அன்றுதான் புரிந்தது. முதல் பெண்ணிடம் சொல் கடுமையாக இருந்தது. இந்தத் தம்பியிடம் சொல் இனிப்பாக இருந்தது. ஆனால் எதிரே நிற்கிறவருக்கு என்ன தேவை என்று பார்க்கும் கண் இருவருக்குமே இல்லை. அந்தக் கண்தான் முக்கியம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் இதற்கென்றே அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். ஐம்பத்தொன்றாவது ‘தெரிந்துதெளிதல்’. ஆளை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது பற்றியது. ஐம்பத்திரண்டாவது ‘தெரிந்துவினையாடல்’. தேர்ந்தெடுத்தவரை எந்த வேலையில், எப்படி நடத்துவது என்பது பற்றியது. எடுப்பதற்குப் பத்துக் குறள், எடுத்தபின் நடத்துவதற்கும் பத்துக் குறள். நாம் முதல் பத்தையே முழுதாகப் படிப்பதில்லை. இரண்டாவது பத்தின் பக்கமே போவதில்லை.

தாஜ் எப்படி ஆள் எடுக்கிறது?

2008 நவம்பர் 26 அன்று மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டலில் தாக்குதல் நடந்ததை நாம் அனைவரும் அறிவோம். அந்த இரவில் ஹோட்டல் பணியாளர்கள் ஓடிப் போகாமல், விருந்தினர்களை வெளியேற்றக் கூடவே நின்றார்கள். அவர்களில் 11 பேர் உயிரிழந்தார்கள். அப்படி நடந்துகொள்ளும்படி எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது. பிறகு எப்படி இது நடந்தது?

ரோஹித் தேஷ்பாண்டே, அஞ்சலி ரைனா என்ற இருவர் இதை ஆராய்ந்து 2011 டிசம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதினார்கள். அவர்கள் தேடிய விடை, ஆள் எடுக்கும் முறையில் கிடைத்தது. தாஜ் குழுமம் முன்வரிசைப் பணியாளர்களைப் பெருநகரங்களில் தேடாமல் சிறிய ஊர்களில் தேடுகிறது. மும்பைக்குப் பதில் புனே. சென்னைக்குப் பதில் திருச்சியும் கோயம்புத்தூரும். மதிப்பெண்ணையும் ஆங்கிலத்தையும்விட மூன்று குணங்களை முக்கியமாகப் பார்க்கிறார்கள். பெரியவர்களை மதிக்கிறாரா? கஷ்டத்திலும் முகம் வாடாமல் இருக்கிறாரா? இந்த வேலை அவர் குடும்பத்துக்கு உண்மையிலேயே தேவையா?

அதோடு விட்டுவிடுவதில்லை. மற்ற ஹோட்டல்களில் பன்னிரண்டு மாதமாக இருக்கும் பயிற்சி அங்கே பதினெட்டு மாதம். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது மேலாளர் பக்கத்தில் இருக்க மாட்டார், முடிவைப் பணியாளர்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பழக்குகிறார்கள்.

இதையே வேறு விதமாகச் சொன்னவர் யான் கார்ல்சன். 1981 இல் நட்டத்தில் இருந்த ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்குத் தலைவராக வந்தவர். ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகள். ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஐந்து பணியாளர்களைச் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு சந்திப்பும் சராசரி 15 விநாடி. ஆகவே நம் நிறுவனத்தின் பெயர் ஆண்டுக்கு ஐந்து கோடி முறை, 15 விநாடி 15 விநாடியாக உருவாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலாளரைக் கேட்காமலே 2,000 அமெரிக்க டாலர் வரை செலவு செய்யும் உரிமை சாதாரணப் பணியாளருக்கும் உண்டு.

‘அதெல்லாம் பெரிய இடம், நம்ம சிம்பாங் அம்பாட்டுக்கு ஒத்து வருமா?’ என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் அந்தப் பாட்டி என் கடையில் நின்றது எவ்வளவு நேரம் இருக்கும்? 15 விநாடி, மிஞ்சினால் 20. அப்பா நாற்பது ஆண்டு சேர்த்த பெயர் அதற்குள் போய்விட்டது.

இப்போது நான் ஆள் எடுக்கும் விதம்

பின்கட்டில் கிடந்த மர நாற்காலியைத் துடைத்து, பழைய இடத்திலேயே போட்டேன். அதிலிருந்துதான் என் நேர்முகத் தேர்வும் தொடங்குகிறது.

*முதலாவது, பார்ப்பது.* பேட்டிக்கு வருகிறவரைக் கடை திறந்திருக்கும் நேரத்தில்தான் வரச் சொல்கிறேன். வந்ததும் அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் என் வேலையைப் பார்ப்பேன். போன ஆண்டு ஓர் அக்கா வந்திருந்தார். வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் பதினொரு ஆண்டு வேலை செய்தவர். படிப்பு ஆறாம் வகுப்பு. அவர் காத்திருந்தபோது வயதான மலாய்க்காரர் ஒருவர் பேரனுக்குச் சட்டை பார்க்க வந்தார். இந்த அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, “டுடோக், பாக்சிக்” என்றார். யாரும் சொல்லவில்லை. இன்னும் வேலையும் கொடுக்கவில்லை. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மற்றக் கேள்விகளையும் கேட்டேன்.

*இரண்டாவது, நடந்ததைக் கேட்பது.* ‘கோபப்படும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்?’ என்று கேட்டால் எல்லாரும் அழகாகப் பதில் சொல்வார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. ‘கடைசியாக உங்கள்மேல் ஒருவர் கோபப்பட்டது எப்போது? என்ன நடந்தது? நீங்கள் என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்கிறேன். உண்மையாக நடந்ததைச் சொல்பவர் சிறு சிறு விவரம் சொல்வார். தன் தவறையும் சேர்த்துச் சொல்பவர் என்றால் இன்னும் நல்லது. கதை முழுக்க மற்றவர்களே குற்றவாளிகள் என்றால் நான் யோசிப்பேன்.

*மூன்றாவது, ஒரு சம்பவத்தைக் கொடுப்பது.* பெயர் சொல்லாமல் அந்தப் பாட்டியின் கதையைச் சொல்கிறேன். ரசீது இல்லை, கடை விதி இது, கூட்டம் அதிகம், முதலாளி தொலைபேசியில் இருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? விதிப்படி முடியாது என்கிறவர்கள் உண்டு. உடனே பணம் கொடுத்துவிடுவேன் என்கிறவர்களும் உண்டு. இரண்டும் எனக்குப் போதாது. ‘ஏன் பாட்டி, அளவு சரியில்லையா?’ என்று ஒரு கேள்வி கேட்பேன் என்று சொல்கிறவரைத்தான் தேடுகிறேன்.

*நான்காவது, அரை நாள் வேலை பார்க்க வைப்பது.* அதற்குச் சம்பளம் கொடுத்துவிடுவேன். ‘சோதனை’ என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவது நியாயம் அல்ல. அந்த அரை நாளில் நான் பார்ப்பது விற்பனையை அல்ல. கடை கூட்டும் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார், வாங்காமல் போகிறவரைப் பார்த்து முகம் சுளிக்கிறாரா என்பதைத்தான்.

*கடைசியாக, பழைய முதலாளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.* ஒரே கேள்வி: ‘வாய்ப்பு இருந்தால் இவரை மறுபடியும் எடுப்பீர்களா?’ பதிலைவிட, பதில் வருவதற்கு முன் இருக்கும் அமைதி நிறையச் சொல்லும். ஆனால் ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல ஆளை இழந்த வயிற்றெரிச்சலில் பேசுகிற முதலாளிகளும் உண்டு.

எடுத்தபின் செய்ய வேண்டியவை

நல்ல ஆளை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

சம்பளத்தில் தொடங்குங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு 2025 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து சின்னக் கடைகளுக்கும் உண்டு. அதன்மேல் முதலாளி பங்காக ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சொக்சோ தனி. வார வேலை நேரம் 2023 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. ‘நம்ம பிள்ளைதானே’ என்று சொல்லி இதையெல்லாம் விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நம்ம பிள்ளை என்றால் முதலில் அதைக் கட்டுங்கள்.

அடுத்து, உரிமை கொடுங்கள். என் கடையில் யாரும் என்னைக் கேட்காமல் நூறு வெள்ளி வரை மாற்றிக் கொடுக்கலாம், திருப்பி வாங்கலாம். ஒரு நோட்டில் காரணத்தை மட்டும் எழுதிவிட வேண்டும். ஏமாற்றுவார்கள் என்று பயந்தேன். ஓரிருவர் ஏமாற்றவும் செய்தார்கள். ஆனால் அந்த நோட்டை மாதக் கடைசியில் படிக்கும்போது, எந்தச் சட்டை ஒரு முறை துவைத்ததும் சுருங்குகிறது, எந்தத் தையல்காரர் அளவு தவறுகிறார் என்று எனக்குத் தெரிகிறது. அதற்குக் கொடுத்த விலை மலிவுதான்.

‘முடியாது’ என்ற சொல்லுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முடியாது என்று சொல்வதற்கு முன் ‘ஏன்?’ என்று ஒரு கேள்வி. சொன்ன பிறகு ‘ஆனால் இது முடியும்’ என்று ஒரு வழி. அவ்வளவுதான். மலாயில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம்.

இன்னொன்று, உங்கள் பணியாளருக்கு அரணாக நில்லுங்கள். ‘வாடிக்கையாளர் எப்போதும் சரி’ என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. விலை பேசும்போது ஒருவர் அந்தச் சிற்றுண்டிச் சாலை அக்காவைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை சொன்னார். நான் எழுந்து போய், மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு கடை பாருங்கள் என்றேன். அவர் வேறு கடை பார்த்தார். அன்று ஒரு வியாபாரம் போனது. ஆனால் என் கடையில் இருக்கும் ஆறு பேரும் அதற்குப் பிறகு என்னை வேறு மாதிரிப் பார்க்கிறார்கள்.

அப்புறம், நாற்காலி. இப்போது கடையில் மொத்தம் மூன்று இருக்கின்றன. ஒன்று வாடிக்கையாளருக்கு. இரண்டு பணியாளர்களுக்கு. கூட்டம் இல்லாதபோது அவர்கள் உட்காரலாம். உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ‘வேலை இல்லையா?’ என்று கேட்கும் பழக்கத்தை விடுவதற்கு எனக்கே ஆறு மாதம் பிடித்தது.

வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு

எஸ்.பி.எம். முடித்துவிட்டு, அல்லது பட்டம் வாங்கிவிட்டு, ‘அனுபவம் இல்லை’ என்று தயங்கி நிற்கிறீர்களா? அம்மா நாசி லெமாக் விற்கும்போது பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறீர்களா? கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்றிருக்கிறீர்களா? கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறீர்களா? இவையெல்லாம் அனுபவம்தான். நூறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது, சாம்பார் வரவில்லை என்று கத்தும் பெரியப்பாவைச் சமாளித்தவருக்கு எந்தக் கடையிலும் வேலை செய்ய முடியும். அதை வெட்கப்படாமல் பேட்டியில் சொல்லுங்கள்.

மொழியும் பெரிய பலம். நம் பிள்ளைகளில் பலர் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசுவார்கள். பினாங்கில் வளர்ந்தவர்கள் என்றால் ஹொக்கியனில் விலையாவது சொல்வார்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தொழிற்சாலைக்குப் போனாலும், வங்கிக்குப் போனாலும், மருத்துவமனைக்குப் போனாலும் மனிதர்களோடு பேசத் தெரிந்தவருக்கு ஒரு படி மேலே இடம் உண்டு. கடையில் கற்றது வீண் போகாது.

நீங்களும் முதலாளியைப் பேட்டி எடுங்கள். சேமநிதி கட்டுவீர்களா, வாரத்தில் எந்த நாள் விடுமுறை, எனக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் முதலாளியிடம் போகாமல் இருப்பதே நல்லது.

அவர் வந்தார்

அந்தப் பாட்டி அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டு என் கடைப் பக்கம் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேத்தியோடு வாசலில் வந்து நின்றார். நான் கல்லாவில் இருந்தேன். எழுந்திருப்பதற்குள் சிற்றுண்டிச் சாலை அக்கா போய்விட்டார். அவருக்கு இந்தப் பாட்டி யார் என்று தெரியாது. நான் பேட்டியில் கேட்ட கதை இவருடையது என்றும் தெரியாது. “வாங்கம்மா, மொதல்ல உக்காருங்க” என்று சொல்லி, மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். பாட்டி உட்கார்ந்தார். கையால் அந்த மர நாற்காலியைத் தடவிப் பார்த்தார்.

பேத்திக்குப் பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கினார். அவ்வளவுதான் வியாபாரம். போகும்போது என்னைப் பார்த்து, “உங்கப்பா நாற்காலிதானே?” என்றார். ஆமாம் என்றேன்.

என் கடைக் கதவில் இன்னும் அந்த அட்டை தொங்குகிறது. ஓர் ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் கடை திறந்திருக்கும் நேரத்தில் வரலாம். தேர்வின் முதல் கேள்வி என்ன என்பதைத்தான் நானே உளறிவிட்டேன். பரவாயில்லை. தெரிந்து செய்தாலும் நல்ல காரியம் நல்ல காரியம்தான்.